தொண்ணூற்று நான்கு மீட்டர்

பன்றியின் நாக்கைப் பிடிக்கத் துணி வேண்டும்.
வெறுங்கையில் வழுக்கும்.
எவாரிஸ்தோ அதன் கழுத்தில் முழங்காலை ஊன்றுவார்,
கடைவாயில் குறுக்கே ஒரு காப்பிக் கழி.
நான் இழுப்பேன், புரட்டுவேன்,
அடிநாக்கில் கட்டைவிரலை ஓட்டிப் பார்ப்பேன்
வேகாத அரிசி தட்டுப்படுகிறதா என்று.

ஒரு நாளைக்குப் பதினொரு நாக்கு.
அந்த அலறல்
இரவுச் சாப்பாடு வரைக்கும் கூடவே வரும்.

லோமா சேகாவில் இது புதுசில்லை.
பியூராவிலிருந்து வரும் வியாபாரிகளும்
நாக்கைப் பார்த்துத்தான் விலை பேசுவார்கள்.
அரிசி இருந்தால் பாதி விலை.
பாதி விலைக்குக் கொடுப்பானேன் என்று
அந்தப் பன்றியை விடியுமுன் அறுத்து
ஞானஸ்நான விருந்தில் வறுத்துவிடுவார்கள்.
நானும் ஒன்றில் இரண்டு தட்டு தின்றேன்.
முறுகலாக, எலுமிச்சை பிழிந்து. நன்றாகத்தான் இருந்தது.

அடெல்மோ தொடவில்லை.
பத்து வயதில் அறுப்பதைப் பார்த்ததிலிருந்து
பன்றியென்றால் அவனுக்குக் குமட்டும்.
அவன்தான் காப்பிக் களத்தில் விழுந்தான்,
வாயில் நுரை, கால் வெட்டிவெட்டி இழுக்க.
வைத்தியக்காரி ஒரு கினிப்பன்றியை
அவன் உடம்பெங்கும் தேய்த்து, பிளந்து பார்த்து,
மண்டை சுத்தமாக இருக்கிறது என்றாள்.
நகரத்து ஸ்கேனில் ஏழு வெள்ளைப் புள்ளிகள்.

பன்றி தின்னாதவன் தலைக்குள்
பன்றிப் புழு எப்படிப் போனது?
ஓடையில் துணி அலசிய பெண்கள் கேட்டார்கள்.
நானும் கேட்டேன், எல்லாரையும்விடச் சத்தமாக.

எவாரிஸ்தோவின் கறுப்புப் பெண்பன்றியில்
மூன்று மணிகள் தட்டுப்பட்டன.
திட்டத்தின் விதி அது:
அங்கிருந்து நூறு மீட்டர் சுற்றி
ஒவ்வொரு மனிதருக்கும் ஒரு டப்பா.
பன்றி மேயப் போகும் தூரம்,
மனிதர் அவசரத்துக்கு ஒதுங்கும் தூரம்.
நர்ஸ் நேலிடா நாடாவை இழுத்துக்கொண்டு வந்தாள்.
எங்கள் வாசல் தொண்ணூற்று நான்கில் விழுந்தது.

வெட்கமென்ன, எல்லார் வயிறும் ஒன்றுதானே
என்று வீடுவீடாய்ச் சொன்னவள் நான்.
என் டப்பா மூன்று நாள்
மக்காச்சோளக் கூடைக்குப் பின்னால் காலியாகக் கிடந்தது.

முடிவு வந்த அன்று
நேலிடா ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.
"உன்னுடையதில்தான், சொராய்டா" என்றாள்.
நான்கு மாத்திரை, மெல்ல வேண்டும், சுண்ணாம்பு ருசி.
பிறகு பேதி மருந்து, பிளாஸ்டிக் தொட்டி, வெதுவெதுப்பான நீர்.
பள்ளிக்கூடப் பிள்ளையின் தலை ரிப்பன் மாதிரி
வெள்ளையாக, மடிப்பு மடிப்பாக
வந்துகொண்டே இருந்தது.
இடுக்கியால் அதன் தலையைத் தேடினாள் நேலிடா.
"கடுகைவிடச் சின்னது. அது உள்ளே தங்கினால்
மறுபடி வளரும்."

அவள் தேடிக்கொண்டிருந்தபோதுதான்
எனக்குக் கணக்கு ஓடியது.
வீட்டுக்குப் பின்னாலிருக்கும் பள்ளம்.
அங்கே மோந்து திரிந்த கறுப்புப் பன்றி.
அதன் நாக்கில் நான் தடவிப் பார்த்த அரிசி
நான் விதைத்தது.
அப்புறம் என் கைகள்.
மாவு பிசையும் கை, பாலாடைக்கட்டி உதிர்க்கும் கை.
"உன் கைமணம் யாருக்கும் வராது" என்று
அடெல்மோ ஒன்பது வருஷமாகத்
தட்டை வழித்து வழித்துத் தின்றானே.

அன்று இரவு அவன் நாக்கை நீட்டினான்,
போன வாரத்து வலிப்பில் கடித்த காயம்
ஆறியதா என்று பார்க்கச் சொல்லி.
விளக்கைக் கிட்டே கொண்டுபோனேன்.
துணியில்லாமல், இரண்டு விரலால் பிடித்தேன்.
அவன் நாக்கு என் கையில் இருக்கும்போதே
சொன்னேன்.

அவனால் உடனே பதில் சொல்ல முடியவில்லை,
நான் விடவில்லை.
விட்ட பிறகும் வெகுநேரம்
மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தான்.
கடைசியில், "தலை வந்ததா?" என்று கேட்டான்.
வந்தது என்றேன்.
பானையிலிருந்து அவனே எடுத்துப் போட்டுக்கொண்டான்.

நாளை மேட்டுத் தெருவில்
பதினான்கு பன்றிகளுக்குத் தடுப்பூசி.
எவாரிஸ்தோ வருவாரோ, மாட்டாரோ.
துணியைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன்.